கரிநாக்கு சாரின் ‘த’

மந்தைவெளியில் எங்கள் தெருவில் கரிநாக்கு சாரிடம் வாயைத் திறந்து காட்டாதவர்கள் இரண்டே வகை. இன்னும் பிறக்காதவர்கள், ஏற்கெனவே போய்ச் சேர்ந்தவர்கள். மற்ற எல்லோர் நாக்கிலும் அவர் கரி பூசியாயிற்று.

சார் மொழியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அபார்ட்மென்டில் எனக்கு நேர் எதிர் வீடு. அவர் சொன்னது பலித்துவிடும் என்று பயந்து வைத்த பெயரில்லை அது. செய்த வேலைக்கு வைத்த பெயர். கரித்தூளை நல்லெண்ணெயில் குழைத்து, பிரஷ்ஷால் நம் நாக்கில் தடவுவார். ‘தா’ என்று ஒரே ஒரு முறை சொல்லச் சொல்வார். பிறகு வாய்க்குள் குட்டிக் கண்ணாடியை நுழைத்து செல்போனில் படம் எடுப்பார். உள்ளே கரி எங்கே ஒட்டியிருக்கிறதோ, அங்கேதான் நாக்கு பட்டிருக்கிறது என்று கணக்கு.

ஒவ்வொரு ஒலிக்கும் வாய்க்குள் நிரந்தர முகவரி உண்டு என்பது அவருடைய கொள்கை. ‘த’ குடியிருப்பது மேல்பல்லின் பின்னால். பல் இல்லாவிட்டால் ‘த’ இல்லை. இதை நிரூபித்து மயிலாப்பூரில் ஒரு ஹாலில் பேசுவதாக ஏற்பாடு. மனிதரின் வாழ்நாள் ஆராய்ச்சி அன்றுதான் அரங்கேற வேண்டும்.

மீன் கொண்டுவரும் பிலோமினா அக்காவையும் அவர் விடவில்லை.

“இன்னா சார், நாக்குல கரிய பூசிக்கினு நான் எப்டி வியாபாரம் பண்றது?”

“ஒரே ஒரு ‘தா’ சொல்லிட்டுப் போம்மா.”

“வஞ்சிரம் கீது. வாங்கு சார், எவ்ளோ ‘தா’ வோணும்னாலும் சொல்றேன்.”

அந்த வாரம் முழுக்க அவர் மனைவி மேரி டீச்சர் வஞ்சிரமே சமைத்தார்.

என் தங்கையைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா லிஃப்டில் சாரிடம் மாட்டிக்கொண்டார். கன்னங்கரேலென்ற நாக்கோடு வந்து உட்கார்ந்து, “பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு” என்றார். அம்மாவுக்கு மயக்கம் வராத குறை.

சிக்கல் என்னவென்றால், படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. பிலோமினா அக்காவின் கரி பல்லில் இருந்தது, வாட்ச்மேனுடையது ஈறில். என்னுடையது காலையில் ஓர் இடம், சாயங்காலம் வேறிடம்.

“நீ ஒழுங்கா சொல்லலைப்பா.”

“எப்பவும் போலத்தான் சார் சொன்னேன்.”

அதுதான் அவரை வதைத்தது. சோறு இறங்கவில்லை.

பேச வேண்டிய நாளன்று காலையில் முறுக்கைக் கடித்தார். மேல் பல்செட் இரண்டு துண்டானது. மேல்பல்லைப் பற்றி ஊருக்கே பாடம் எடுத்தவருக்கு மேல்பல் சொந்தமில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

“நான் போகலை. ‘த’ சொல்ல வராதவன் ‘த’வைப் பத்திப் பேசினா சிரிப்பாங்க” என்றார். வார்த்தைக்கு வார்த்தை காற்றுதான் வந்தது. கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பே வரவில்லை.

மேரி டீச்சர் இஸ்திரி போட்ட சட்டையை நீட்டினார். “கல்யாணம் ஆன நாள்லேருந்து வாய் நிறைய சோத்தை வெச்சிக்கிட்டுத்தான் எங்கிட்ட பேசறீங்க. எனக்குப் புரியாமலா போச்சு? கிளம்புங்க.”

சட்டையில் ஒரு கையை நுழைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இப்ப நான் பேசினது உனக்குப் புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது.”

“‘த’ கூடவா?”

“‘த’ கூடத்தான்.”

ஹாலுக்குப் போனார். கொண்டுபோன படங்களை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

“என் கொள்கை தப்பு. வாயில மேல்பல்லே இல்லை, ஆனாலும் நான் சொல்ற ‘த’ உங்களுக்குக் கேக்குது. நாக்கு எங்க பட்டாலும் அதை ‘த’ன்னு எடுத்துக்கறீங்களே, அந்த மனசுலதான் ‘த’ இருக்கு. நான் இத்தனை வருஷமா வாய்க்குள்ள தேடிட்டிருந்தேன்.”

வாழ்நாள் கொள்கையைத் தன் வாயாலேயே உடைத்துவிட்டுப் பொக்கை வாய் தெரியச் சிரித்தார். முதலில் கை தட்டியது மேரி டீச்சர்.

புதுப் பல்செட் வந்துவிட்டது. வெளியாட்கள் வந்தால் மாட்டிக்கொள்கிறார். எங்களிடம் பேசும்போது கழற்றி டம்ளரில் போட்டுவிடுகிறார். புரிந்துகொள்ள நாங்கள் இருக்கிறோம் என்ற தைரியம். வேறு நல்ல வீடாகப் பார்த்துப் போகலாமே என்று யாராவது என்னிடம் சொன்னால், சரி சரி என்று தலையாட்டுவேன். அந்தக் காற்றுக் குரல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட, எதிர்வீட்டுக் கதவு திறக்கும். அதோடு வீடு மாறும் பேச்சு முடிந்துவிடும்.