இருபதாவது பெயர்

"கம்ப்யூட்டர் ஏத்துக்கலம்மா," என்றாள் லேபர் ஆபீஸ் கிளார்க் மமதா. "இருபது பேர் இருந்தாத்தான் அடுத்த பக்கம் ஓபன் ஆகும்."

வனஜாவிடம் இருந்தவர்கள் பத்தொன்பது பெண்கள். பதினாறு வருடமாக அவர்களை பெங்களூரு ஈஜிபுராவில் டெம்போவில் ஏற்றி, தேவனஹள்ளிப் பக்கம் திராட்சை பறிக்கக் கூட்டிப்போகிறாள். யாரும் காகிதம் கேட்டதில்லை. இப்போது அறுவடைக்கு ஆள் கூட்டி வரும் மேஸ்திரிகள் எல்லோரும் லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். கூலியாட்களை யாரும் ஏமாற்றக் கூடாதாம். திங்கட்கிழமைக்குள் வாங்காவிட்டால் தோட்டக்காரர் வேறு மேஸ்திரியைக் கூப்பிட்டுவிடுவார்.

"நானும்தான் அவங்களோட நின்னு பறிக்கறேன். என் பேரையும் சேத்துக்கோங்க."

மமதா சேர்த்தாள். அடுத்த பக்கம் திறந்து, மேஸ்திரியின் ஆதார் எண்ணைக் கேட்டது. வனஜா சொன்னாள். திரை சிவந்தது.

"நீங்க கூலியாள்னு பதிவாயிட்டீங்க. கூலியாள் மேஸ்திரி ஆக முடியாது."

"அப்போ கூலிலேர்ந்து எடுத்துடுங்க."

"ஆகல்லம்மா, லிஸ்ட் லாக் ஆயிடுச்சு. இனிமே மேஸ்திரிதான் மாத்த முடியும்."

"மேஸ்திரி நான்தானே!"

"நீங்க கூலிம்மா," என்றாள் மமதா பொறுமையாக. "வீட்ல யஜமான்ரு இருக்காரா?"

இருந்தான். பாலகுமார். கல்யாணமான நாளிலிருந்து நல்ல வேலையாக வரட்டும் என்று காத்திருப்பவன். அந்த வேலைக்கு மட்டும் ஒருநாளும் லீவு போட்டதில்லை. வேறு வழியில்லாமல் அவன் ஆதாரைக் கொடுத்தாள். பத்தே நிமிடத்தில் லைசென்ஸ் வந்துவிட்டது. திராட்சை கொடியில் காய்க்குமா, மரத்தில் காய்க்குமா என்றுகூட அவனை யாரும் கேட்கவில்லை.

லைசென்ஸ்காரர் நேரில் வந்தாக வேண்டும் என்று தோட்டக்காரர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை விடிந்ததும் அவனை எழுப்பி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்து, டெம்போவில் ஏற்றினாள். டிரைவருக்குப் பக்கத்தில், பதினாறு வருடமாக அவள் உட்கார்ந்த இடத்தில், அவன் உட்கார்ந்துகொண்டான். அவள் பின்னால் கூடைகளோடு நின்றாள்.

"இவரை மேஸ்திரின்னு கூப்பிடுங்கடி," என்று பெண்களிடம் அவளே கெஞ்சினாள். "இந்த சீசன் முடியற வரைக்கும்தான்."

தோட்டத்து கேட்டில் வாட்ச்மேன் லைசென்ஸ் லிஸ்டைப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விட்டான். பாலகுமார் முதல் ஆளாக நுழைந்தான்; திரும்பிப் பார்க்கவில்லை. பத்தொன்பது பெண்களும் போனார்கள். அப்பாடா என்று வனஜாவும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு காலை வைத்தாள்.

வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"உங்க பேர மேஸ்திரி நேத்தே லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாரும்மா. வீட்ல சோறாக்க ஆள் வேணுமாம்."