இன்சர்ட் தின்ற ஏழு வரி

குன்னூர்,
வெள்ளிக்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான சில்வஸ்டர் மாமாவுக்கு, மருமகன் சுபின் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. உங்கள் சுகத்தையும் அத்தை சுகத்தையும் விசாரிக்க வேண்டிய இடம் இது. உங்களுக்கு மகளாகவும் எனக்கு மனைவியாகவும் இருந்த ஃபெபி போய்ப் பதினோரு மாதம் ஆன வீடுகளில் என்ன சுகம் இருக்கும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியும் என்பதால், நேரே கீபோர்டுக்கு வருகிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதி, கூடலூர் பஸ் கண்டக்டர் அழகையாவிடம் கொடுத்தனுப்பக் காரணம் உண்டு. போனில் நான் ஒரு கீயின் பெயரைச் சொன்னதும், தொடாதீங்க என்று முடிப்பதற்குள் அமுக்கிவிடுகிறீர்கள். நேற்று கேப்ஸ் லாக் அப்படித்தான் அமுங்கியது. லைட் எரிந்ததற்கு அடுப்பில் தீப்பிடித்த மாதிரி அத்தையைக் கூப்பிட்டீர்கள். அது எரிந்தால் எரியட்டும், அதனால் ஒன்றும் போகாது. எஸ்டேட் ஆபீசில் முப்பது வருஷம் டைப்ரைட்டர் தட்டிய கை, சும்மா இருக்காதுதான். ஆனா மாமா, ஃபெபி லேப்டாப்பை நீங்க கேட்டதும் குடுத்தேன். அதுல 'சுபினுக்கு'ன்னு ஒரு ஃபைல் இருக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன். ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டே அவ டைப் பண்ணினது. ஃபாக்டரில இருபது கம்ப்யூட்டரைப் பாத்துக்கறவன், அந்த ஒரு ஃபைலைத் திறக்கலை, காப்பியும் எடுக்கலை. புது ஃபைல் திறக்கத் தெரியாம, நீங்க அதுக்குள்ளயே முதலாம் ஆண்டு நினைவு நோட்டீஸை ஆரம்பிச்சுட்டீங்க. "ஏனுங்க மாப்பிள்ளை, நான் ஒரு எழுத்து வச்சா அது ஒரு எழுத்தைத் தின்னுதுங்களே"ன்னு கேட்டீங்க. தின்னத்தானுங்க செய்யும். இன்சர்ட் அமுங்கியிருக்கு. அது அமுங்கினா புது எழுத்து பழசைத் தள்ளிட்டு உக்காராது, பழசு மேலயே உக்காரும்.

எஸ்கேப்பை நாப்பது தடவை அமுக்கினீங்கன்னு அத்தை சொன்னாங்க. போனதை அது கொண்டு வராது. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. கன்ட்ரோலை இடது கையில அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இசட்டை ஒரு தட்டு. கடைசியா அடிச்சது முதல்ல போகும். நீங்க கடைசியா அடிச்சது அவ இறந்த தேதி. அது போகட்டும். தட்டத் தட்ட உங்க நோட்டீஸ் பின்னாடியே போகும், அவ எழுதினது திரும்பி வரும். சேவ் பண்ணிடாதீங்க, மூடிடாதீங்க. மூடிட்டா இசட்டும் கைவிட்டுடும். பதினோரு மாசத்துல உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லை. நான் இன்னும் அதைப் படிக்கலைங்க மாமா.

கர்த்தர் உங்கள் விரல்களைக் காப்பாராக. அத்தைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
சுபின்

பி.கு.: உறையை ஒட்டறதுக்குள்ள அத்தை போன் பண்ணிட்டாங்க. நேத்து நான் போனை வச்சதுமே, எப்பவோ நான் சொல்லிக் குடுத்தபடி ஒழுங்கா சேவ் பண்ணி, ஆஃப் பண்ணி, துண்டு போட்டு மூடிட்டீங்களாம். ஏழு வரி போச்சு. அவ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தா, அதுலதான் கூப்பிட்டிருப்பா. மிச்சத்தை அத்தை திறந்து படிச்சாங்க. உங்க தேதிக்கு அடுத்தாப்ல பாதியில இருந்து ஆரம்பிக்குது: "அப்பா எதையாவது அமுக்கிக் கெடுத்துட்டா திட்டாதீங்க. பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க. அவருக்கு இனிமே வேற ஆள் இல்லை."

மேலே இருக்கறதைப் படிச்சிருந்தா மறந்துடுங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வர்றேன், மாமா. இன்சர்ட்ல இருந்து ஆரம்பிப்போம்.