எதிரி டாங்கிக்கு எண்ணெய் போடுவது யார்?

மூன்றாவது முறை அளந்தபோதும் எதிரியின் பீரங்கிக் குழாய் ஐந்தரை மீட்டர்தான் இருந்தது.

பக்கத்திலிருந்த பலகையோ ஐந்து மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று அடித்துச் சொன்னது. பொறுப்பாளர் டேப்பைச் சுருட்டி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதையே ஒரு தரம் சந்தேகமாகப் பார்த்தார். போன வாரம் வாங்கிய டேப். வாங்கிய கடைக்காரன்கூட அன்றைக்கு ஒரு மாதிரியாகத்தான் சிரித்தான்.

போர் அருங்காட்சியகத்தின் முற்றத்துக்கு அவர்தான் பொறுப்பு. முற்றத்தில் இரண்டு டாங்கிகள் நின்றன. நம்முடையது உயரமான கல்மேடையில், சங்கிலி வேலிக்குள், பளபளவென்று பச்சை நிறத்தில், தலையில் கொடியோடு. போரில் பிடிபட்ட எதிரியின் டாங்கி கீழே பள்ளத்தில், அழுக்கு மஞ்சளில், வேலியும் கிடையாது ஒன்றும் கிடையாது. மேடையில் இருப்பதைத் தொடக் கூடாது. வேலிச் சாவி இயக்குநரின் மேசை இழுப்பறையில். பொறுப்பாளரே ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட அதன்மேல் விரல் வைத்ததில்லை. பள்ளத்தில் இருப்பதன்மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறி மிதிப்பார்கள். அதை யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒப்பீட்டுப் பலகை. பதினான்கு வரிசை. பீரங்கி, கவசம், இன்ஜின், ரேடியோ, தூரம் அளக்கும் கண்ணாடி, இருட்டில் பார்க்கும் கருவி என்று ஒன்று விடாமல் நம்முடையது உசத்தி. எடையில் நம்முடையது கூடுதல் என்பதால் ‘உறுதி’ என்று எழுதியிருந்தது. உயரத்தில் நம்முடையது குறைவு என்பதால் ‘பதுங்க வசதி’ என்று எழுதியிருந்தது. எப்படிப் பார்த்தாலும் நாம்தான் ஜெயித்தோம்.

அந்தப் பலகையில் கை வைத்தவர் ஒரு கணக்கு டீச்சர். ‘எங்கள் மாணவிகள் அளந்து பார்த்தார்கள். எதிரியின் குழாய் உங்கள் பலகையில் உள்ளதைவிட நாற்பது சென்டிமீட்டர் நீளம். பலகை சரியா, குழாய் சரியா?’ என்று கடிதம் போட்டிருந்தார். இயக்குநருக்கும் ஒரு நகல்.

இயக்குநர் கடிதத்தை மடித்து வைத்தார். “புதன்கிழமை தளபதி வர்றாரு. அந்தப் போர்ல நம்ம டாங்கிப் படையை நடத்தினவரு. அவர் திருப்தியா போனா உங்களைப் பர்மனென்ட் ஆக்கற ஆர்டர்ல அன்னைக்கே கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா குடோன்ல பழைய ஹெல்மெட் எண்ணிக்கிட்டிருங்க.”

ஆறு வருடமாகப் பொறுப்பாளர் ‘தற்காலிகம்’. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் மச்சினன் ஒவ்வொரு விசேஷத்திலும் சிரித்தான். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

அவர் முதலில் காவலாளியைக் கூப்பிட்டார். “குழாய் எப்படிய்யா நீளும்?”

“இரும்பு வெயில்ல நீளும் சார்.”

“நாற்பது சென்டிமீட்டரா?”

“இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி சார்.”

காவலாளியை மனசுக்குள் சந்தேகப் பட்டியலில் டேப் கடைக்காரனுக்கு அடுத்து இரண்டாவதாகக் குறித்துக்கொண்டு, அடுத்து பெயின்டரைப் பிடித்தார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு டாங்கிகளுக்கும் வண்ணம் அடித்தவர் அந்த ஆள்தான்.

“உண்மையைச் சொல்லு. அந்தக் குழாய்ல கை வச்சியா?”

“பிரஷ்தான் சார் வச்சேன்! ரெண்டு வண்டியும் துருவைச் சுரண்டி ஒரே செவப்பு ப்ரைமரோட வந்துச்சு. கிரேன்காரன் ஒண்ணை மேல வச்சான், ஒண்ணைக் கீழ வச்சான். மேல பச்சை, கீழ மஞ்சள்னு அப்ப ஆபீஸ்ல பேப்பர்ல எழுதிக் குடுத்தாங்க. அடிச்சேன். கொழாயை நீட்டறதுக்கு நான் என்ன கொல்லனா?”

“இப்ப ஏன் கோபப்படறே?” என்றார் பொறுப்பாளர். கோபப்படுகிறவன்மேல்தான் அவருக்கு அதிகம் சந்தேகம்.

கோபத்தோடு கோபமாக அந்தப் பெயின்டரையே பலகையைத் திருத்தச் சொன்னார். எதிரியின் குழாய், ஐந்தரை மீட்டர். எழுதி முடித்த பிறகுதான் கவனித்தார், நம்முடையதும் ஐந்தரை. சமமாகிவிட்டது! பதினான்கு வரிசையில் ஒன்றில் சமம் என்றால் தளபதி முகத்தில் எப்படி விழிப்பது? “நம்மளதை அஞ்சு தொண்ணூறு ஆக்கு” என்றார். நம் நாட்டுப் பீரங்கி ஒரே பிரஷ் இழுப்பில் நாற்பது சென்டிமீட்டர் வளர்ந்தது.

அரை மணி நேரத்தில் இயக்குநர் ஓடி வந்தார். “யாரைக் கேட்டு இதை மாத்தினீங்க? நம்ம குழாய் ஐந்தரை மீட்டர்னு தளபதிக்கு மனப்பாடம்! அழிங்க!”

“அழிச்சிடறேன் சார்.”

“அதென்ன, அவங்க குழாயையும் பெரிசாக்கியிருக்கீங்க?” இயக்குநரின் பார்வை மாறியது. “உங்களுக்கும் அவங்களுக்கும் ஒண்ணும் இல்லையே?”

ஊரையே சந்தேகப்படுகிறவரை முதன்முதலாக ஒருவர் சந்தேகப்பட்டுவிட்டார். பொறுப்பாளருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

பலகை பழையபடி ஆனது. இனி குழாயைத்தான் குறைக்க வேண்டும். அறுக்க முடியாது, மறைக்கலாம். எதிரி டாங்கியின் முன்னால் மணல் மூட்டைகளை அடுக்கி, குழாயின் முனையில் சரியாக நாற்பது சென்டிமீட்டரை அதற்குள் புதைத்தார். பார்ப்பதற்குப் போர்க்களம் மாதிரியே இருந்தது. அன்று மதியம் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டு சாப்பிட்டார்.

மூட்டைகள் உட்கார்ந்த இடம் பள்ளத்துக்கு இருந்த ஒரே வடிகால்.

சனிக்கிழமை கொட்டிய மழையில் பள்ளம் குளமாகிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் எதிரி டாங்கி கம்பீரமாக நின்றது. பலகையின் ஒன்பதாவது வரிசை: ‘நீரைக் கடக்கும் திறன் — நமது: உண்டு. அவர்களது: இல்லை.’ ஞாயிற்றுக்கிழமை வந்த கூட்டம் பலகையையும் குளத்தையும் சேர்த்துப் படம் பிடித்தது. திங்கட்கிழமைப் பத்திரிகையில் ‘நீந்துகிறது எதிரி டாங்கி!’ என்று அரைப் பக்கத்துக்கு வந்துவிட்டது. இயக்குநர் திட்டவில்லை. குடோன் சாவியை எடுத்துப் பொறுப்பாளரின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்தார்கள். உள்ளே எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ என்று பொறுப்பாளர் டாங்கியின்மேல் ஏறினார். மூடியை நெம்பித் திறக்கக் கடப்பாரையோடு போனவருக்கு அதிர்ச்சி. ஒற்றைக் கையால் தூக்க, மூடி சத்தமே இல்லாமல் திறந்துகொண்டது.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. மூடியைச் சுற்றிப் புது ரப்பர். கீல்களில் புது எண்ணெய். ‘பழுதடைந்தது’ என்று பலகை சொன்ன ரேடியோவின் பித்தளைத் திருகுகள் முகம் பார்க்கிற அளவுக்கு மின்னின. தூரம் அளக்கும் கண்ணாடியின்மேல் மெல்லிய துணி போர்த்தியிருந்தது. டிரைவர் இருக்கையில், பூப்போட்ட உறையோடு ஒரு சின்ன மெத்தை!

பொறுப்பாளர் மூடியை அவசரமாகச் சாத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். நாட்டின் தலைநிமிர்ந்த அருங்காட்சியகத்தில், அவருடைய பொறுப்பில், எதிரியின் டாங்கியை யாரோ போருக்குத் தயாராக வைத்திருக்கிறார்கள்.

காவலாளியை உலுக்கியதில் விஷயம் வெளியே வந்தது. “ஒரு தொப்பிக்காரர் வருவாரு சார். வயசானவரு. புதன்கிழமையானா ஆஜர். நேரா பள்ளத்துக்குத்தான் போவாரு. மேடைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாரு. உள்ள உக்காந்து என்னமோ பேசுவாரு.”

“எத்தனை நாளா?”

“நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே.”

“ஏன்யா இவ்வளவு நாளா சொல்லல?”

“டிக்கெட் வாங்கிட்டுத்தானே சார் வர்றாரு!”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“யாரோ ஒரு பெரியவர் இரும்பைத் தொடைச்சு வைக்கிறாரு. அவ்வளவுதானே?”

“அவ்வளவுதானேவா? உளவாளிடி! இல்லேன்னா எதுக்குத் தொடைக்கணும்?”

“இந்த வீட்டு ஃபேனை ஏழு மாசமா யாருமே தொடைக்கல. அப்ப நம்ம வீட்டுல உளவாளி இல்லைன்னு நிம்மதியா இருங்க.”

அவளிடம் இனி ரகசியம் பேசுவதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் மனசு துள்ளியது. புதன்கிழமை தளபதியும் வருகிறார், தொப்பிக்காரரும் வருவார். எல்லார் முன்னாலும் கையும் களவுமாகப் பிடித்துவிட்டால், குழாயாவது குளமாவது, எல்லாம் மறந்து போகும். ‘தற்காலிகம்’ அன்றோடு தொலையும்.

புதன்கிழமை தளபதி வந்தார். எண்பது வயதிலும் முதுகு வளையவில்லை. மேடைக்கு முன்னால் நின்று பச்சை டாங்கிக்கு ஒரு சல்யூட் வைத்தார். வைத்த கையை ஒரு நிமிடம் இறக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

“என் உயிரைக் காப்பாத்தின வண்டிய்யா இது” என்றார். “அன்னைக்கு இது மட்டும் இல்லேன்னா நான் இங்க நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டேன்.”

கேமராக்கள் மின்னின. இயக்குநர் கைக்குட்டையை எடுத்தார். பொறுப்பாளர் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் டாங்கியின் மூடி மெதுவாக உயர்ந்தது. முதலில் தொப்பி வந்தது. பிறகு ஒரு எண்ணெய்க் குப்பி.

“பிடிங்க!” என்று கத்திக்கொண்டே பொறுப்பாளர் பாய்ந்தார். ஈர மண்ணில் வழுக்கி, உட்கார்ந்தபடியே பள்ளத்துக்குள் போய்ச் சேர்ந்தார். போன வேகத்தில் பெரியவரின் காலைக் கட்டிக்கொண்டார். காவலாளி இரண்டு பேரையும் சேர்த்து மேலே இழுத்தான்.

“சார், எதிரி நாட்டு ஆளு!” பொறுப்பாளருக்கு மூச்சு வாங்கியது. “அவங்க டாங்கிக்கு வருஷக்கணக்கா எண்ணெய் போட்டுக்கிட்டிருக்கான்! கையில பாருங்க!”

பெரியவர் தொப்பியைச் சரிசெய்தார். குதிகால்களை ஒட்டி நிமிர்ந்து, எண்ணெய்க் குப்பியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஒரு சல்யூட் வைத்தார்.

தளபதி உற்றுப் பார்த்தார். “டேய்! டிரைவர்! நீயாடா?”

“நான்தான் ஐயா.”

தளபதி அவரை அப்படியே தழுவிக்கொண்டார். “இவன் யாரு தெரியுமா? அன்னைக்கு நம்ம வண்டியை ஓட்டினவனே இவன்தான்! தீக்குள்ள இருந்து என்னை வெளிய கொண்டுவந்தவன்! இவனையா எதிரின்னு சொன்னே?”

இயக்குநர் பார்த்த பார்வையில் பொறுப்பாளருக்குக் குடோனின் பழைய ஹெல்மெட்கள் அத்தனையும் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனாலும் சந்தேகம் அவரை விடவில்லை. “சரி சார், நம்ம ஆளாவே இருக்கட்டும். நம்ம வண்டி மேடையில இருக்கு. இவர் ஏன் சார் அவங்க வண்டிக்கு எண்ணெய் போடறாரு? கேளுங்க சார்!”

கேள்வி நியாயமானது. தளபதியின் கை மெல்ல விலகியது. “ஆமாம். ஏன்டா?”

டிரைவர் சுற்றியிருந்த கேமராக்களைப் பார்த்தார். “ஐயா, கொஞ்சம் குனியுங்க” என்றார்.

தளபதி குனிந்தார். டிரைவர் அவர் காதில் நாலு வார்த்தை சொன்னார். தளபதி மெல்ல நிமிர்ந்தார். மேடையைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். பிறகு சல்யூட் வைத்த தன் வலது கையைப் பார்த்து, அதை மெதுவாகச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

“இவர் எப்ப வேணாலும் வரலாம், போகலாம்” என்றார் இயக்குநரிடம். “டிக்கெட் கேட்கக் கூடாது. இந்தப் பலகையில இனிமே ஒரு எழுத்தை யாரும் மாத்தக் கூடாது. யாரும் எதையும் அளக்கவும் கூடாது. புரியுதா?”

வைத்திருந்த தேநீரைக்கூடக் குடிக்காமல் காரில் ஏறிவிட்டார்.

இயக்குநருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தளபதி பலகையை மாற்றக் கூடாது என்று சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டார். பலகை பிடித்திருக்கிறது என்றால் அருங்காட்சியகம் பிடித்திருக்கிறது என்றுதானே அர்த்தம்? சொன்ன வாக்கைக் காப்பாற்றி, அன்று மாலையே ஆர்டரில் கையெழுத்துப் போட்டார்.

பொறுப்பாளர் அந்தக் காகிதத்தோடு நேராகப் பள்ளத்துக்குப் போனார். இந்த நேரத்தில் மச்சினனுக்கு அல்லவா போன் செய்ய வேண்டும்! ஆனால் காதில் சொன்னது என்ன என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது.

டிரைவர் கீலுக்குச் சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

“காலையில நடந்ததுக்கு மன்னிச்சிடுங்க” என்றார் பொறுப்பாளர். “ஆனா, தளபதி காதுல என்ன சொன்னீங்க?”

“காவலாளி சொன்னாரு. உங்க பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சு.”

“அப்ப சொல்லலாம்.” பெரியவர் குப்பியை மூடிவிட்டு, மஞ்சள் இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். “மேடையில கொடி கட்டி வச்சிருக்கீங்களே, அதுதான் சார் அவங்க வண்டி, என்னோடது இது, பெயின்ட் அடிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும், ஆனா சொல்லியிருந்தா இதைத் தூக்கி மேல வச்சு, தொடாதேன்னு சங்கிலி போட்டிருப்பீங்களே!”