புயலைத் திருப்பியது நான் அல்ல

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். மாடித் தகரக் கூரை பறந்துபோன மனிதரிடம் அதைக் கேட்கும் துணிச்சல் எனக்கு இல்லை. நாங்கள் இங்கே நலம் என்று எழுதினாலும் உங்களுக்குக் கோபம் வரும். ஆகையால் இரண்டையும் எழுதியதாகவே வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். பன்னிரண்டு நாளாக நீங்கள் என் போனை எடுக்கவில்லை, அதனால்தான் கடிதம்.

"உங்கப்பாதான் புயலை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்" என்று என் மகளிடம் சொன்னீர்களாம். ஏழு மாதக் கர்ப்பிணி அவள். "மாமா எங்கிட்ட முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறாருப்பா, தட்டைப் பாத்துக்கிட்டே சாப்பிட்டு எழுந்து போயிடுறாரு" என்று போனில் அழுதாள். அவளுக்காகத்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

நான் ஐஸ் ஃபாக்டரியில் முப்பத்தோரு வருடம் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். புயல் எங்கள் ஊரை நோக்கி வருகிறது என்று எச்சரிக்கை வந்த அன்று முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். கடல் சூடுதான் புயலுக்குத் தீனி என்று சலூன் டிவியில் ஒருவர் விளக்கிக்கொண்டிருந்தார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அப்ப ஐஸைக் கொட்டினா அடங்கிடும்" என்று சொல்லித் தொலைத்தேன். சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டார். வெட்டியும் வெட்டாத தலையோடு என்னை ஃபாக்டரிக்கு இழுத்துப் போனார்கள். எச்சரிக்கையால் படகு எதுவும் கடலுக்குப் போகவில்லை, ஐஸ் வாங்க ஆளில்லை, எப்படியும் உருகப்போகிறது என்று முதலாளியும் இரண்டு லாரி கொடுத்துவிட்டார். படகுத்துறை முனையில் நின்று ஐஸ் கட்டிகளைப் பார் பாராகக் கடலில் தள்ளினோம். மூன்றாவது பாரோடு நானும் விழப் பார்த்தேன், நல்லவேளை, மூக்குக்கண்ணாடி மட்டும் போனது.

சாயங்காலம் புயல் திசை மாறிவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஊர் கேட்குமா? என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எனக்கும் தலைகால் புரியவில்லை. உங்களுக்கே போன் போட்டு, "நாங்கதான் திருப்பிவிட்டோம் சம்பந்தி, இனிமே பயமே இல்லை" என்றேன். மறுநாள் காலை அது உங்கள் ஊரில் கரையேறியது. அந்த ஒரு போனை நினைத்தால் இன்றைக்கும் கூசிப்போகிறேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு நாள் நிம்மதி கிடையாது. சலவைக்காரர் வாசலில் வந்து, "மழையை மட்டும் நிறுத்துங்க, காத்து இருக்கட்டும், துணி காயணும்" என்கிறார். எதிர்வீட்டு அம்மாள் தன் கணவரின் கோபத்துக்கு ஏதாவது வழி உண்டா என்று கேட்கிறாள். என் மனைவியோ, "வீட்டு ஃப்ரிட்ஜ் ரெண்டு மாசமா கூலாகலை, இவரு கடலைக் குளிர வைக்கப் போயிட்டாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள்.

கடைசியில் வானிலை அலுவலகத்துக்கே போனேன். புயலைத் திருப்பியது நான் இல்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கி உங்களுக்கு அனுப்பலாம் என்று எண்ணம். அங்கே இருந்த அதிகாரி தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும். "பெரியவரே, புயலுக்கு அடியில நூத்துக்கணக்கான மைல் கடல் சூடாக் கிடக்கு. உங்க ரெண்டு லாரி ஐஸ், எரியிற வீட்டு மேல எச்சில் துப்பின மாதிரி. பெரிய பெரிய ஆளுங்க ப்ளேன்ல போய் மேகத்துல மருந்து தூவிப் பாத்தாங்க. அதனால அடங்குச்சா, தானா அடங்குச்சான்னே சொல்ல முடியலை" என்றார்.

"என்னைக்காவது முடியுமா சார்?" என்றேன்.

"முடிஞ்சாத்தான் வம்பு. யார் ஊர்ப் பக்கம் திருப்புவீங்க? அந்த ஊர்ல நீங்க யாருக்கும் பொண்ணு கொடுக்கலையா?" என்று கொட்டாவி விட்டுக்கொண்டே கேட்டார். யாரோ சொல்லிவைத்தது போல இருந்தது. சான்றிதழும் தரவில்லை. "உங்களுக்குக் கொடுத்தா நாளைக்கு ஊரே வந்து வரிசையில நிக்கும்" என்று அனுப்பிவிட்டார்.

ஆகவே சம்பந்தி, மனிதனால் புயலை நிறுத்தவும் முடியாது, திருப்பவும் முடியாது. நான் வீண்பெருமை பேசினேன், அவ்வளவுதான் என் குற்றம். கோபத்தை என்மேல் காட்டுங்கள். அந்தப் பெண்ணிடம் மட்டும் இரண்டு வார்த்தை பேசுங்கள். இனி அந்தப் படகுத்துறைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன். எனக்கு அலுத்துவிட்டது.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் என் ஆசிகள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு முன்பணமாக ஒரு முத்தம்.

இப்படிக்கு,
தன் வாயாலேயே கெட்ட
உங்கள் சம்பந்தி

பி.கு.: கவரை ஒட்டும்போது செய்தி வந்தது. இன்னொரு புயலாம், இந்தத் தடவை நேராக உங்கள் பக்கம்தானாம். மேலே எழுதியது அத்தனையும் உண்மை, எனக்கும் தெரியும். ஆனாலும் பெற்ற மனம் பித்து. மூன்று லாரி ஐஸோடு உங்கள் ஊர்க் கடற்கரைக்குக் கிளம்பிவிட்டேன், இதையும் கையிலேயே கொண்டுவருகிறேன். ஐஸைக் கொட்டிய பிறகு வண்டிகள் எங்கள் ஊருக்குக் காலியாகத்தான் திரும்பும். முதல் வண்டியின் முன்சீட்டில் மகளும் சம்பந்தி அம்மாவும், அடுத்ததில் மாப்பிள்ளை. மூன்றாவதில் என் பக்கத்து இடம்தான் உங்களுக்கு மிச்சம். நீங்கள் என்னோடு பேச வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும்.