கோவளத்துக்கு மூன்று வழி

தாம்பரம்,
12-2-1967

அன்புள்ள மச்சான் சத்தியநாதனுக்கு, உன் அக்காளைக் கட்டிப் பன்னிரண்டு வருஷமாய்ப் பொறுமை பழகிய ஞானையா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான், உன் அக்கா ஜெயசீலி, என் சைக்கிள் மூவரும் சுகம். சைக்கிளுக்கு மட்டும் மட்கார்டு போய்விட்டது.

கோவளத்து ஹில்டா டீச்சரின் அப்பா ஜீவரத்தினம் ஐயா, சைக்கிள் விடத் தெரியாத பையனுக்குப் பெண் இல்லை என்று சொன்னதும், வருகிற ஞாயிறு நீ தாம்பரத்திலிருந்து சைக்கிளிலேயே பெண் பார்க்க வருவாய் என்று நான் வாய் விட்டதும் உனக்குத் தெரியும். நீ ஏறினால் சைக்கிள் எந்தப் பக்கம் சாயும் என்பது எனக்குத் தெரியும். அதனால் உன் அக்காளைக் கேரியரில் வைத்து எல்லா வழியும் மிதித்துப் பார்த்தேன். வண்டலூர், கேளம்பாக்கம் வழி நல்ல ரோடுதான், ஆனால் சுற்று, ஏற்றம் வேறு. ஒவ்வொரு மேட்டிலும் அவள் இறங்கி நடந்தாள். "நடக்கிறது நானு, மூச்சு வாங்குறது நீங்களா?" என்று கேட்டுவிட்டு எனக்கு முன்னால் போய் நின்றாள். பள்ளிக்கரணை சுருக்கு வழி என்று எவனோ சொன்னான். அங்கே நாரை காலைத் தூக்கித் தூக்கி வைத்தது, நாங்களும் அப்படியே வைத்தோம், சைக்கிள் என் தோளில் சவாரி வந்தது. கடைசியில் பெரும்பாக்கம் ஏரிக்கரை. அது உனக்குத் தோதான வழி, விழுந்தால் ஒரு பக்கம் புல். மறுபக்கம் விழாதே, எருமை குளிக்கும்.

அந்த வழியில் போய்க் கோவளத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது ஒரு திருப்பத்தில் எதிரே ஜீவரத்தினம் ஐயா ஒரு லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து மரியாதைக்கு இறங்கிவிட்டார் என்று நினைத்து நானும் குதித்து இறங்கினேன்.

"ஏறுங்க சார்" என்றேன்.

"பரவாயில்ல, நீங்க ஏறுங்க."

பெரியவர் ஏறாமல் நான் எப்படி ஏறுவது? உச்சி வெயிலில் அவர் வீடு வரைக்கும் மூவரும் நடந்தோம்.

"பையன் நல்லா விடுவாரா?" என்றார்.

"விடுவானாவா? கையை விட்டுட்டே விடுவான் சார்!" என்றேன். உன் அக்காள் கிள்ளிய இடம் இன்னும் சிவப்பு.

ஆகையால் நீ அந்தத் திருப்பம் வரை எப்படியாவது உருண்டு வந்து நில். உன்னை எதிர்கொள்ள ஐயாவை அங்கே வரச் சொல்லிவிடுகிறேன், உன்னைப் பார்த்ததும் மரியாதைக்கு இறங்குவார். நீயும் பக்கத்தில் தள்ளிக்கொண்டே நட. உன் ஓட்டம் ஊருக்குத் தெரியாது.

கர்த்தர் உன் முழங்கால்களைக் காப்பாராக.

ஞானையா

பி.கு.: கவரை ஒட்டுகிறபோது வாசலில் பெல் சத்தம். அதே சைக்கிளை ஹில்டா மிதித்து வர, கேரியரில் ஜீவரத்தினம் ஐயா! அவருக்கு சைக்கிளே விடத் தெரியாதாம். அன்றைக்கு மகள் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். "உண்மைய சொல்லுங்கண்ணா, உங்க மச்சானுக்கு விடத் தெரியுமா?" என்றது பெண். நான் இருமினேன். "தெரியாதும்மா" என்றாள் உன் அக்காள். ஹில்டா சிரித்த சிரிப்பில் சைக்கிளே சாய்ந்துவிட்டது. "அப்பாவை இத்தினி வருஷமா ஏத்திக்கினு போறேன், இவரை ஏத்திக்க மாட்டேனா?" என்றது. நீ பஸ்ஸிலேயே வா. கேரியரை மாப்பிள்ளைக்கு விட்டுக்கொடுக்க ஐயாவுக்குச் சம்மதம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக மட்டும் தனக்கு வேண்டுமாம்.