ஹெதர்ஸ்லி பிரபுவின் நாலாவது ராஜினாமா

ரொறன்ரோவில் ராஜினாமாக்காரர் என்றோர் இனம் உண்டு. கூட்டம் எங்கே கூடுகிறதோ அங்கே காணலாம். கோட்டின் உள்பையில், வீட்டிலேயே எழுதி நாலாக மடித்த கடிதம் ஒன்று தயாராக இருக்கும். தேதி மட்டும் போட்டிருக்காது.

நம்முடைய அருளம்பலம் மாஸ்டரைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் இங்கிலாந்துச் சரித்திரம் படிப்பித்தவர். எழுபத்து நாலில் இங்கே வந்து, ரெக்ஸ்டேலில் ஒரு பண்டகசாலையில் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிறார். மனதால் வசிப்பது மட்டும் விக்டோரியா மகாராணியின் காலத்தில், ஹெதர்ஸ்லி பிரபுவின் மாளிகையில். நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிரபுவின் வாழ்க்கை உங்களுக்குச் சொல்லப்படும்: அறுபது வேலைக்காரர் சூழப் பிறந்தது, இருபத்து மூன்று வயதில் அப்பாவின் குடியானவர்கள் போட்ட வோட்டில் பாராளுமன்றம் போனது, மந்திரியானது, கோபித்துக்கொண்டு ராஜினாமாச் செய்து கிராமத்து மாளிகையில் போய் உட்கார்ந்தது, ஒன்பதாம் நாள் பிரதமரே குதிரை வண்டியில் வந்து கெஞ்சிக் கூட்டிப்போனது. இப்படி மூன்று தரம்.

"பிரபு தன்ர வாசல் கேற்றை ஒருநாளும் பூட்டினதில்லை," என்பார் மாஸ்டர். "ஆக்கள் வருவினம் எண்டு அவருக்குத் தெரியும்."

பெட்டிகளுக்கு நடுவே நின்று யாரால் பிரபுவாக இருக்க முடியும்? தமிழ்ச் சங்கத் தலைவர் பதவிதான் இந்த ஊரில் அவருக்கென்று இருந்த ஒரே நாற்காலி. அதைத்தான் மூன்று தரம் ராஜினாமாச் செய்தார். அதற்கு நம்மிடம் ஒரு முறை உண்டே. கடிதத்தைப் பிரிக்காமல் திருப்பி நீட்ட வேண்டும், இரண்டு பேர் கையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்துச் சமாதானம் பேச வேண்டும். மூன்று தரமும் குறைவில்லாமல் நடந்தது.

நாலாவது தரம், எழுபத்தேழில், பொங்கல் விழா ஏற்பாட்டுக்காகக் கூடிய சனிக்கிழமை. தலைவர் உரை சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? உரை நாற்பது நிமிடம்.

"பிள்ளையள் பசி தாங்காதுகள், மாஸ்டர். சாப்பாடு முந்தி," என்றார் செயலாளர் லலிதா.

கடிதம் வெளியே வந்தது. லலிதா சங்கத்துக்குப் புதிது, முறை தெரியாது. பிரித்தார், வாசித்தார், கூட்டக் குறிப்பில் எழுதினார். "சரி மாஸ்டர். உங்கட சேவைக்கு நன்றி." வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், மற்றவர் கெஞ்சுவார் என்று ஒவ்வொருவரும் நினைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாஸ்டர் சூட் போட்டு, டை கட்டி, பன்னிரண்டாம் மாடியில் வீட்டுக் கதவைப் பூட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்கை வெளிக்கிடுறியள்?" என்றார் மனைவி கிருஷ்ணவேணி.

"ஒரிடமும் இல்லை. ஆக்கள் வருவினம்."

மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது. சங்கத்து நரசிம்மன், மதுரைக்காரர், பூட்ஸிலிருந்த பனியை உதறிக்கொண்டு நின்றார். மாஸ்டர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் யோசிச்சுச் சொல்லுறன்," என்றார், வந்தவர் வாய் திறக்குமுன்பே.

"யோசிக்க என்ன சார் இருக்கு? சங்கத்துப் பொங்கப் பானை உங்ககிட்டதானே இருக்கு. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

மாஸ்டர் பானையைத் தன் கையாலேயே துடைத்துக் கொடுத்தார். டை கட்டியபடி லிஃப்ட் வரைக்கும் தூக்கிக்கொண்டும் போனார். இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பிறகு நூலகத்தில் தேடி, பிரபுவின் கதையை நானே படித்தேன். மாஸ்டரின் பாடத்திட்டம் மூன்றாவது ராஜினாமாவோடு நின்றுவிட்டது. நாலாவதும் ஒன்று இருந்திருக்கிறது. அந்தத் தரம் வண்டி வரவில்லை. மிச்சமிருந்த இருபத்தாறு வருடமும் பிரபு பன்றி வளர்த்தார். கேற் கடைசிவரை திறந்தே கிடந்ததாம்.

நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம், எந்தச் சங்கத்துக்கும் தலைவர் இல்லைத்தானே. ஆனால் போன வாரம், "இந்த வீட்டில் இனி நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று அறிவித்துவிட்டு அறைக்குள் போனீர்களே, கதவை ஏன் பூட்டவில்லை?