மூலை அண்ணனும் இரவல் ரஜாய்களும்

டில்லியில் எத்தனை அறைகள் உண்டோ அத்தனைக்கும் நான்கு மூலைகள் இருப்பதைச் சொந்த அவமானமாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் மூலை அண்ணன்தான்.

பெயர் வேறு ஏதோ. முனிர்காவில் எங்கள் கட்டடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. மதுரைப் பக்கத்துக்காரர். அலுவலகக் கட்டடங்களில் ஏ.சி. குழாய்களுக்குப் பஞ்சு சுற்றும் வேலை. யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார மாட்டார். நேரே மூலைக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று, அடிவயிற்றிலிருந்து "ஊம்ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துக் கேட்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் இதையே செய்தார். மாப்பிள்ளைக்கு ஏதோ வந்துவிட்டது என்று பெண்வீட்டார் பஜ்ஜித் தட்டை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

நான் அப்போது வேலையை விட்டுவிட்டு, ஒலிப்புத்தகம் வாசிப்பதை மட்டுமே நம்பி மூன்றாம் மாடி அறையில் மைக்கோடு உட்கார்ந்திருந்தேன். அனுப்பிய மாதிரிப் பதிவு இரண்டு முறை திரும்பி வந்தது. குடத்துக்குள் தலையை விட்டுப் படித்தது போல இருக்கிறதாம். மூன்றாவது முறையும் திரும்பினால் நாவல் வேறொருவருக்குப் போய்விடும்.

"குரல்ல குத்தமில்ல தம்பி," என்றார் அண்ணன். "அடிச்சத்தம் பூரா மூலையில போயி குமியுது. பேஸ் ட்ராப் வைக்கணும். மூலைய மெத்துன்னு அடைச்சுட்டம்னா போன சத்தம் திரும்பி வராது."

முதலில் வேலையிடத்தில் மிஞ்சிய கண்ணாடிப் பஞ்சைக் கொண்டுவந்து, சட்டம் அடித்து நிறுத்தினார். மேலே துணி போர்த்த மறந்துவிட்டார். முழக்கம் குறைந்தது உண்மை. ஆனால் நான் சொறிந்துகொள்கிற சத்தம் வெகு துல்லியமாகப் பதிவானது.

நல்லவேளையாக ஹோலி முடிந்திருந்தது. டில்லியில் அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் ஒரே கவலை, பஞ்சு திணித்த கனத்த குளிர்ப் போர்வைகளான ரஜாய்களை எங்கே திணிப்பது என்பதுதான். அண்ணன் மாடி மாடியாக ஏறி, "அடுத்த குளிர் வரைக்கும் பத்திரமா வச்சுத் தாரேன்" என்று இருபது ரஜாய்களை வாங்கிவந்து, நான்கு மூலைகளிலும் ஆள் உயரத்துக்கு அடுக்கினார்.

மாதிரிப் பதிவை ஏற்றுக்கொண்டார்கள். ஒரே நிபந்தனை, கடைசி வரை குரல் இதே மாதிரி இருக்க வேண்டும். பதினோரு அத்தியாயம் முடித்தேன். கடைசி அத்தியாயம் சனிக்கிழமை மாலைக்குள் போய்ச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமை ஆலங்கட்டி மழை கொட்டியது. போன குளிர் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தது.

சனி மதியம் அண்ணன் என்னோடு இருந்தபோது கட்டடமே என் வாசலில் வந்து நின்றது. "டூட்டி முடிச்சு வந்து நடுங்கிட்டுக் கெடக்கேண்ணே, என் ரஜாயக் குடுங்க," என்றார் இரண்டாம் மாடி நர்ஸ் ஸ்டெல்லா அக்கா. வீட்டுக்காரர் சௌத்ரி, "ஜல்தி பையா, ஜல்தி!" என்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். எனக்கு நாவலும் போச்சு, பிழைப்பும் போச்சு என்று தோன்றிவிட்டது.

அண்ணன் அசரவில்லை. "ஒங்க ரஜாய்தான், யாரு இல்லன்னா? போத்திக்கிட்டு அந்தந்த மூலையிலயே அரைமணி நேரம் உக்காருங்க. மூச்ச மட்டும் மெதுவா விடுங்க."

உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு ரஜாய் போர்த்தி, முகம் மட்டும் வெளியே தெரிய, மூலைக்கு மூன்று மூட்டைகள். நான் வாசிக்க வாசிக்க, தமிழில் ஒரு சொல்லும் தெரியாத சௌத்ரி மிகுந்த பொறுப்போடு தலையாட்டினார். ஸ்டெல்லா அக்கா தூங்கியே போனார், நல்லவேளையாகக் குறட்டை இல்லை. குரல் கடைசி வரி வரை மாறவில்லை.

பதிவை அனுப்பினேன். எல்லோரும் ரஜாய்களோடு கிளம்பிய பிறகு மைக்குக்குப் பின்னால் ஒன்று மட்டும் மிச்சமிருந்தது.

"இது யாரோடதுண்ணே?"

"என்னோடதுதான். திருத்தம் கேட்டாங்கன்னா வேணும்ல? இருக்கட்டும்."

"ஒரு ரஜாய வச்சு என்ன ஆகப்போகுது? குளிருதுண்ணே, எடுத்துட்டுப் போங்க."

"சும்மா கெட தம்பி, ஒனக்கு மூலையப் பத்தித் தெரியாது," என்று சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை போட்டிருந்த அண்ணன் படியிறங்கிப் போய்விட்டார்.

திருத்தம் எதுவும் இல்லை என்று திங்கட்கிழமைதான் பதில் வந்தது. சொல்வதற்கு ஓடினேன். ஜமுக்காளத்தைச் சுற்றிக்கொண்டு கட்டிலில் ஒடுங்கிக் கிடந்தவர், சளி கட்டிய குரலில், "அப்ப அதக் கொண்டா தம்பி," என்றார்.

மூன்று மாடி ஏறி எடுத்துவந்து நானே போர்த்திவிட்டேன். இந்த ஊரில் எனக்கென்று ஒருவர் இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.